நான்காம் நெறியும் மேகக் கணிமையும்: காடு, தோட்டம் என்னும் இரு சொற்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஃபோர்த் பாரடைம்' என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு, பெருந்தரவுகளைக் கொண்டு நிகழ்த்தப்படும் அறிவியல் ஆய்வினைப் பற்றிப் பேசுவோர் இன்றளவும் சுட்டிக்காட்டும் நூலாகும். டோனி ஹே, ஸ்டூவர்ட் டேன்ஸ்லி, கிரிஸ்டின் டோல் ஆகிய மூவரும் இதன் பதிப்பாசிரியர்கள். தலைப்பினை 'நான்காம் நெறி' எனத் தமிழாக்கலாம். இந்நூல் உருவான காலமும் மேகக் கணிமை ஆய்வுலகிற்குள் நுழைந்த காலமும் ஒன்றே. சேமிப்பிடத்தையும் கணிப்பாற்றலையும் வாடகைக்கு விடும் சேவைகளை அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டு தொடங்கியது. மைக்ரோசாப்ட் தன் சேவையை 2008ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே, இந்நூலை மதிப்பிடுவது மேகக் கணிமையின்மேல் அறிவியலாளர் வைத்த நம்பிக்கையை மதிப்பிடுவதும் ஆகும்.

இந்திய ஆய்வியல் துறையினர் இத்தகைய நூலைத் திறனாய்வு செய்ய வேண்டிய தேவை யாது என்னும் வினா எழுதல் இயல்பே. பெருந்தரவு ஆய்வில் முடிவைத் தீர்மானிக்கும் படிகளுள் ஒன்று பெயரிடுதல் ஆகும். எதனை எச்சொல்லால் குறிப்பது, அச்சொல்லின் எல்லை எது என்னும் வினாக்கள் கணினியைத் தொடுவதற்கு முன்னரே முடிவு செய்யப்படுகின்றன. இவ்வினாக்கள் மொழியாராய்ச்சி செய்வோர்க்குப் புதியன அல்ல. நூல் இப்படிக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்தை, மலேசியாவோடு நேரடித் தொடர்புடைய ஓர் ஆய்வின் துணைகொண்டு நிறுவ முற்படுவோம்.

நூலின் அடிப்படைக் கருத்து

நூலின் தோற்றுவாய் ஓர் உரை. 1998ஆம் ஆண்டு டூரிங் விருது பெற்ற கணினி அறிவியலாளர் ஜிம் கிரே, 2007 ஜனவரி 11ஆம் நாள் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் ஆற்றிய உரையே அது. அதன்பின் பதினேழாம் நாள், தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காகத் தனியே பாய்மரப் படகில் சென்ற அவர் திரும்பவில்லை. அவ்வுரையின் எழுத்து வடிவத்தை முதலில் வைத்து, புவியும் சுற்றுச்சூழலும், உடல்நலம், அறிவியல் உள்கட்டமைப்பு, ஆய்வுச் செய்திப் பரிமாற்றம் என நான்கு பகுதிகளாகக் கட்டுரைகள் தொகுக்கப்பட்டுள்ளன.

கிரே முன்வைத்த வரலாற்றுப் பகுப்பு எளிமையானது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அறிவியல் கண்டதை விவரிப்பதாக இருந்தது. கடந்த சில நூற்றாண்டுகளில் கோட்பாடு வளர்ந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் கணினிவழிப் போலச்செய்தல் வந்தது. இம்மூன்றையும் அடுத்து, கருவிகள் தாமே திரட்டிக் குவிக்கும் தரவுகளை ஆராய்வது நான்காம் நெறி. இந்நெறியில் அறிவியலாளர் விண்மீனை நேரே நோக்குவதில்லை. தொலைநோக்கி பதிவுசெய்த தரவுத்தளத்தையே நோக்குகிறார். தரவினைத் திரட்டல், பேணிக் காத்தல், பகுத்தாய்தல் ஆகிய மூன்றுமே இந்நெறியின் செயற்பாடுகள் என்பது கிரேயின் வரையறை.

இதில் மறுக்க இயலாத உண்மை உண்டு. கிரேயும் வானியலாளர் அலெக்சாண்டர் சாலேயும் இணைந்து உருவாக்கிய ஸ்லோன் வான் அளவீட்டுத் தரவுத்தளம் 2001ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெரிய தொலைநோக்கி வாய்க்கப்பெறாத நாட்டில் வாழும் மாணவரும் அதே தரவை வினவ வழி பிறந்தது. பெருந்திட்டங்கள் மென்பொருளுக்கென நிதி ஒதுக்க முடிகிறது. சிறிய ஆய்வுக்கூடங்களோ தகுந்த கருவியின்றித் தவிக்கின்றன என்று கிரே சுட்டியதும் கவனத்திற்குரியது. வசதி குறைந்தோர் பக்கம் நின்று பேசிய குரல் அது.

மேகக் கணிமையின் இடம்

மேகக் கணிமையை முகிற் கணிமை என்றும் வழங்குவர். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011ஆம் ஆண்டு இதற்கு ஐந்து இயல்புகளை வகுத்தது: வேண்டும்போது தானே பெற்றுக்கொள்ளுதல், வலைவழி எங்கிருந்தும் அணுகுதல், வளங்களைப் பலர்க்கும் பொதுவில் வைத்தல், தேவைக்கேற்ப விரிதலும் சுருங்குதலும், பயன்பாட்டினை அளந்து கணக்கிடுதல்.

பெருந்தரவு ஆய்விற்கு இவ்வேற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சாலேயும் ஹோசே பிளேக்லியும் இத்தொகுப்பில் எழுதிய கட்டுரை விளக்குகிறது. கிரேயின் விதிகள் என அவர்கள் தொகுத்தவற்றுள் ஒன்று, கணிப்பினைத் தரவு இருக்குமிடத்திற்குக் கொண்டு செல்லுதல். தரவு பெருகப் பெருக அதற்கு ஒருவகைப் பாரம் உண்டாகிறது; அதனை நகர்த்துதல் அரிது. எட்டுத் தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் பதிவுசெய்த தரவிலிருந்து உருவாகி, 2019 ஏப்ரல் 10ஆம் நாள் வெளியிடப்பட்ட கருந்துளைப் படம் இதற்குச் சான்றாகும். ஏறத்தாழ 5 பெட்டாபைட் அளவிலான அத்தரவு இணையத்தின்வழி அனுப்பப்படவில்லை. வன்தட்டுகளில் ஏற்றப்பட்டு வானூர்தியில் சென்றது. தென்துருவத்தில் பதிவான வன்தட்டுகள் அங்குக் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன. தரவு ஓரிடத்தில் இருக்க, ஆய்வாளரின் நிரல் அங்குச் சென்று இயங்கித் திரும்புவதே எளிது. மேகக் கணிமை செய்வது இதுவே. டென்னிஸ் கேனன், டேன் ரீட் ஆகியோரின் கட்டுரை இவ்வேற்பாட்டின் தொழில்நுட்பப் பக்கத்தை ஆராய்கிறது.

இவ்விதிகளுள் மற்றொன்று நம் நோக்கில் இதனினும் சிறந்தது. தரவுத்தளம் அமைக்கத் தொடங்குமுன், துறை அறிஞர்கள் விடை காண விரும்பும் முதன்மையான இருபது வினாக்களை எழுதித் தருமாறு கிரே கேட்பாராம். வினா முன், அமைப்புப் பின் என்பது இதன் பொருள். ஆனால் நூலின் பொதுவான தொனி இதற்கு மாறாக இயங்குகிறது. தரவு மிகுந்தால் அறிவு மிகும், இயந்திரம் மிகுந்தால் விடை விரையும் என்னும் உற்சாகமே பல கட்டுரைகளில் மேலோங்கி நிற்கிறது. பொருள்களையும் அவற்றின் பண்புகளையும் ஒவ்வொரு துறையும் வரையறுத்தாக வேண்டும் என்று கிரே தம் உரையில் தொட்டுக்காட்டியது உண்மை. எனினும் அதனைத் தரவுத்தள அமைப்பின் சிக்கலாகவே அவர் கண்டார். வழக்கிற்கும் மாறுபாட்டிற்கும் இடமுள்ள சிக்கலாகக் காணவில்லை.

நூல் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வானியலிலேயே இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. ஸ்லோன் படங்களிலுள்ள விண்மீன் மண்டலங்களை வடிவத்தால் வகைப்படுத்துமாறு பொதுமக்களை வேண்டிய 'கேலக்சி சூ' திட்டம் 2007ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் பங்குகொண்ட ஹன்னி வான் ஆர்க்கெல் என்னும் டச்சுப் பள்ளி ஆசிரியை, எவ்வகையிலும் அடங்காத ஒரு நீலப்படலத்தைக் கண்டு, இது யாது என வினவினார். அண்டை விண்மீன் மண்டலத்தின் மையம் முன்பு உமிழ்ந்த கதிர்வீச்சால் ஒளிர்வூட்டப்பட்ட வாயு அது எனப் பின்னர் விளக்கப்பட்டது. அதற்கு வழங்கும் பெயரிலுள்ள 'ஃபோர்வெர்ப்' என்னும் டச்சுச் சொல்லுக்குப் 'பொருள்' என்பதே பொருள். வகைப்பாட்டில் பெயர் இல்லாத ஒன்றைப் பெயரில்லாதது எனக் கண்டறிந்தது மனிதக் கண்ணே.

2013ஆம் ஆண்டின் காட்டு வரைபடம்

மேகக் கணிமையால் இயன்ற ஆய்வுகளுள் புகழ்பெற்ற ஒன்றை இனி நோக்குவோம். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹேன்சனும் அவருடைய குழுவினரும் உலகக் காட்டுப் பரப்பின் மாற்றத்தைக் காட்டும் வரைபடத்தை 2013 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். லேண்ட்சாட் 7 செயற்கைக்கோள் எடுத்த 6,54,178 படங்கள் இதற்குப் பயன்பட்டன. ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிக்கும். 2000 முதல் 2012 வரை 23 இலட்சம் சதுர கிலோமீட்டர் இழக்கப்பட்டது, 8 இலட்சம் சதுர கிலோமீட்டர் புதிதாகத் தோன்றியது என்பது ஆய்வின் முடிவு.

இவ்வாய்வு இரு காரணங்களால் இயன்றது. முதலாவது, அமெரிக்க அரசு லேண்ட்சாட் படங்களை 2008ஆம் ஆண்டு இலவசமாக்கியமை. அதற்கு முன்னர் ஒரு படத்தின் விலை 600 டாலர். அவ்விலையில் இத்தனை படங்களையும் வாங்க 39 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கும். இரண்டாவது, கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 'எர்த் எஞ்சின்' என்னும் மேகக் கணிமைத் தளம். ஒரே கணினியில் 15 ஆண்டுகள் ஆகியிருக்கும் கணிப்பு, 10,000 கணினிகள் ஒருங்கே இயங்கியதால் சில நாள்களில் முடிந்தது என அந்நிறுவனம் தெரிவித்தது. நான்காம் நெறிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இவ்வரைபடத்தைக் கொண்டு செய்யப்பட்ட நாடுவாரிக் கணக்கீட்டில் மலேசியா முதலிடத்தில் வந்தது. 2000ஆம் ஆண்டில் இருந்த காட்டுப் பரப்பில் 14.4 விழுக்காட்டை இந்நாடு பன்னிரண்டு ஆண்டுகளில் இழந்தது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. இவ்விடத்தில்தான் சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது.

காடா, தோட்டமா?

இவ்வாய்வில் மரம் என்பது 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரம். இழப்பு என்பது அவ்வுயரமுள்ள மரப்போர்வை முற்றிலும் நீங்குதல். செயற்கைக்கோள் காணத்தக்க இயற்பண்பினை அடிப்படையாகக் கொண்டமையால் இவ்வரையறை உலகெங்கும் ஒரே சீராகப் பொருந்தியது. அது இதன் வலிமை. ஆனால் ரப்பர் மரமும் 5 மீட்டருக்கு மேல் உயர்வது. முதிர்ந்த செம்பனையும் அவ்வாறே. எனவே பகாங் மழைக்காடும் சிலாங்கூர் ரப்பர் தோட்டமும் இவ்வரையறையின்முன் ஒன்றாயின.

இதன் விளைவு இருவகைப்பட்டது. ரப்பர் மரத்தையும் செம்பனையையும் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வது தோட்டத் தொழிலின் வழக்கம். இம்மறுநடவு வரைபடத்தில் இழப்பாகவே பதிவாகும். கன்று வளர்ந்து 5 மீட்டர் உயரும்போது அது மீட்பாகப் பதிவாகலாம்; ஆயின் இழப்பு ஆண்டுவாரியாகக் காட்டப்பட, மீட்போ பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே தொகையாகவே காட்டப்பட்டது. இவ்வகையில் காட்டழிவு உண்மையினும் மிகுத்துத் தோன்றும். மறுபுறம், 2000ஆம் ஆண்டிற்கு முன்னரே காட்டை அழித்து எழுப்பப்பட்ட தோட்டம் வரைபடத்தின் தொடக்கத்திலேயே மரப்பரப்பாக நிற்கும். காடு போய்த் தோட்டம் வந்த இடங்களில் பின்னர்த் தோன்றும் செம்பனை, மீட்பு என்னும் நற்பெயரையும் பெறும். இவ்வகையில் காட்டழிவு உண்மையினும் குறைத்துத் தோன்றும். ஆக, 14.4 என்னும் எண் மிகையா குறையா என்பதை அவ்வெண்ணே சொல்ல இயலாது. இதனால் மலேசியாவில் காடு அழியவில்லை என்று வாதிடுவது நம் கருத்தன்று. அழிந்தது எத்துணை என்பதைச் சரியாகச் சொல்ல, எது காடு என்பது முதலில் தெளிவாக வேண்டும் என்பதே.

இக்குறை அறிவியலாளர்க்குள்ளேயே சுட்டப்பட்டது. ராபர்ட் ட்ரோபெக்கும் பிறரும் 2014ஆம் ஆண்டு அதே 'சயன்ஸ்' இதழில் எழுதிய மறுப்பில், இவ்வரைபடம் வெப்பமண்டலக் காட்டையும் தோட்டத்தையும் வேறுபடுத்தவில்லை, சில இடங்களில் பயிர்நிலங்களையும் காடாகக் காட்டுகிறது என்றனர். தாம் அளந்தது மரப்போர்வையே, பிற தரவுகளோடு இணைத்து அதனை மேலும் வகைப்படுத்தலாம் என்பது ஹேன்சன் குழுவினரின் விடை. விடை நேர்மையானதே. ஆயினும் கட்டுரையின் தலைப்பில் நின்ற சொல் 'காடு' என்பதைக் கருத வேண்டும். இத்தரவினைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கும் 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' தளம் 'மரப்போர்வை இழப்பு' என்னும் சொல்லாட்சியைக் கையாண்டு, அது காட்டழிவு ஆகாது என்றும் விளக்குகிறது. கணினிகள் சில நாள்களில் முடித்த பணியின் ஒரு சொல்லைத் திருத்தி வழங்க மாதங்களும் ஆண்டுகளும் தேவைப்பட்டன. கணிப்பின் வேகமும் பொருள்கோளின் வேகமும் ஒன்றல்ல.

தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு மயக்கத்திற்கு இடமின்றி உள்ளது. மலாயாவிற்குத் தொழிலாளராக வந்த தமிழர்க்குக் காடு வேறு, தோட்டம் வேறு. காட்டை அழித்துத் தோட்டமாக்கியதில் அவர்தம் உழைப்பு உண்டு. தோட்டம் என்னும் சொல் அவர்களுக்கு மரத்தொகுதியை மட்டும் குறித்ததன்று. லயன் வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, பிரட்டுக்களம் அனைத்தையும் உள்ளடக்கிய வாழிடத்தைக் குறித்தது. இன்றைய புத்ராஜெயா எழுந்த நிலத்தில் முன்பு பேராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்தது. இத்தகைய இடத்தில் மரம் வீழ்வது ஒரு குடியிருப்பின் பெயர்வையும் குறிக்கும். வரைபடத்தில் இழப்பைக் காட்டும் செந்நிறப் புள்ளியிலோ யானை வாழ்ந்த காடும், மறுநடவுக்காக வெட்டிய செம்பனையும், மக்கள் கலைந்து சென்ற தோட்டமும் ஒரே நிறம். படப்புள்ளி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட வினாவிற்கு மட்டுமே விடையளித்தது. கிரே வேண்டிய இருபது வினாக்களை இந்நிலத்தை அறிந்தோரும் சேர்ந்து எழுதியிருப்பின், காடா தோட்டமா என்பது அவற்றுள் முதல் வினாவாக இருந்திருக்கும்.

செலவும் உரிமையும்

வினாவை மாற்றிக் கேட்க விரும்புவோர்க்கு அதற்குரிய வசதி உண்டா என்பது அடுத்த சிக்கல். இவ்விடத்தில் மேகக் கணிமைக்கு உரிய பாராட்டை மறுக்கலாகாது. ஆய்வின் முடிவுகள் எவரும் தரவிறக்கிக்கொள்ள வெளியிடப்பட்டுள்ளன. எர்த் எஞ்சின் தளமும் வணிக நோக்கமற்ற ஆய்விற்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கோலாலம்பூரிலுள்ள மாணவர் ஒருவர் தோட்டங்களின் எல்லை வரைபடத்தை அதே தரவின்மேல் பொருத்தி ஹேன்சனின் கணக்கைச் சோதிக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதனை எண்ணியும் பார்த்திருக்க இயலாது.

ஆயினும் இவ்வசதி அளிக்கப்படுவது, உடைமையாக இருப்பதன்று. அத்தளத்திற்கென எழுதிய நிரலை வேறிடத்தில் அப்படியே இயக்க இயலாது. 2022ஆம் ஆண்டு முதல் அத்தளம் வணிகச் சேவையாகவும் விற்கப்படுகிறது. எது இலவசம், எது கட்டணத்திற்குரியது என்னும் எல்லையை வகுப்பவர் உரிமையாளரே. அமெரிக்க எரிசக்தித் துறை, மேகக் கணிமை அறிவியலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை 'மெகல்லன்' திட்டத்தின்வழி ஆராய்ந்து 2011 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துச் செய்யத்தக்க பணிகளுக்கு மேகக் கணிமை ஏற்றது, கணிப்பான்கள் ஓயாது தமக்குள் செய்தி பரிமாறும் பணிகளுக்கு அத்துணைப் பொருந்தாது, அத்துறையின் சொந்த மையங்களைவிட வணிக மேகம் பொதுவாக 3 முதல் 7 மடங்கு செலவு மிக்கது என்பன அதன் முடிவுகளுள் அடங்கும். விலைகள் அதன்பின் மாறின; ஆயினும் இடையறாது பணிபுரியும் மையத்திற்குச் சொந்த இயந்திரம், அவ்வப்போது பெருகும் தேவைக்கு வாடகை இயந்திரம் என்னும் பாகுபாடு இன்றும் பொருந்துகிறது. அண்மைய வேரா ரூபின் வானாய்வகம் தரவுப் பணிகளைத் தேசிய ஆய்வுக்கூடத்திற்கும் வணிக மேகத்திற்கும் பகிர்ந்து அளித்தமை இதற்குச் சான்று.

மேகம் என்னும் உருவகமும் நம்மை மயக்குவது. அது வானத்தில் இல்லை. நிலமும் மின்சாரமும் நீரும் வேண்டும் கட்டடங்களில் உள்ளது. அமேசான் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் மேகச் சேவைக்கெனத் தனி வட்டாரத்தைத் திறந்தது. ஜொகூர் மாநிலம் கூலாயில் ஒய்டிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா எழும் நிலம் முன்பு 'கூலாய் யங்' என்னும் செம்பனைத் தோட்டம். அங்கு வீழ்ந்த செம்பனையும் செயற்கைக்கோள் படத்தில் மரப்போர்வை இழப்பே. அளக்கும் கருவியின் இருப்பிடமும் அளக்கப்படும் நிலத்தில்தான் உள்ளது என்பதை இந்நூல் எண்ணிப் பார்க்கவில்லை.

முடிவுரை

'நான்காம் நெறி' தன் காலத்தை முந்திச் சிந்தித்த நூல். தரவும் ஆய்வு முடிவும் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என அது வலியுறுத்தியதும், அந்நூலே இணையத்தில் இலவசமாக வழங்கப்பட்டதும் பாராட்டிற்குரியன. கணிப்பினைத் தரவிடம் கொண்டு செல்லுதல் என்னும் அதன் கொள்கை நடைமுறையில் மெய்யாயிற்று. திரட்டல், பேணல், பகுத்தாய்தல் என்னும் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, அவற்றிற்கு முன் நிற்கும் பெயரிடுதலை அது ஒரு தனிச் செயற்பாடாக எண்ணவில்லை என்பதே அதன் குறை. காட்டு வரைபடத்தின் வரலாறு இக்குறையின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது.

இதிலிருந்து நம் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று உண்டு. தோட்டங்களின் பதிவுப் பெயர், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர், மரம் மாறிய ஆண்டு, மக்கள் வெளியேறிய ஆண்டு ஆகியவை இன்னும் பலருடைய நினைவில் உள்ளன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரின் தாத்தா பாட்டியிடமிருந்து இவற்றைத் திரட்டலாம். பல்கலைக்கழக மாணவர்கள் இடக்குறிப்போடு பதிவு செய்யலாம். இத்தகைய பட்டியலுக்குப் பதினாயிரம் கணினிகள் வேண்டா. ஒரு சாதாரணக் கணினி போதும். அப்பட்டியல் செயற்கைக்கோள் தரவின்மேல் பொருத்தப்படும்போது, அதுவரை ஒரே நிறமாக இருந்த புள்ளிகள் காடு எனவும் தோட்டம் எனவும் பிரியும். லேண்ட்சாட் படங்கள் காப்பகத்தில் உள்ளன. அவற்றை அடுத்த தலைமுறையும் மீண்டும் கணிக்கலாம். அத்தோட்டங்களில் வாழ்ந்தோரின் நினைவுக்கு அத்தகைய காப்பகம் இல்லை. ஆதலின், இவ்விரண்டனுள் முதலில் தொடங்க வேண்டியது எது என்பதில் ஐயமில்லை.